காதுக்குள் ஃபிரான்ஸி

ரோஸ்வீதா பேச்சை நிறுத்திய பிறகும் பயணிகள் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

டான்யூப் ஆற்றில் சுற்றுலாக் கப்பல் வரும் நாட்களில் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரைச் சுற்றிக்காட்டுவது அவள் வேலை. கோட்டில் சின்ன மைக். பயணிகளின் காதுகளில் கப்பல்காரர்கள் கொடுத்த கருவி. தேவாலயக் கோபுரங்களைப் பற்றிச் சொல்லிவிட்டு ஒரு வாய் தண்ணீர் குடிக்கத்தான் நிறுத்தியிருந்தாள். நவம்பர் மாலை. ஆற்றிலிருந்து ஏறிவந்த பனிமூட்டம் சுட்ட சாஸேஜின் புகையோடும் ஈரக்கல்லின் வாடையோடும் கலந்து, குறுகிய சந்துகளை அடைத்துக்கொண்டு, விளக்குகளைச் சுற்றி அழுக்குப் பஞ்சாக நின்றது.

ஹாம்பர்க்கிலிருந்து வந்திருந்த ஹெல்கா என்ற முதியவள் அருகே வந்தாள்.

"ஏம்மா, குழந்தைய எங்க நிக்க வச்சிருக்கீங்க? குளிர்ல பல்லு தந்தியடிக்குது, பாவம்."

"எந்தக் குழந்தைங்க?"

"நீங்க பேச்ச நிறுத்துனா அது பேசுதே. அம்மா, அம்மான்னு."

"நான் ஏதோ ஊர்ப் பேய்க்கதைன்னு நெனச்சேன். டிக்கெட்லயே சேத்தியோன்னு," என்றார் அவள் கணவர் ஊவே.

ரோஸ்வீதா பாலம் இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தாள். போன குளிர்காலத்தில் கல்பாலத்திலிருந்து தவறி விழுந்த அவள் மகள் ஃபிரான்ஸிக்கு ஆறு வயது. பாலத்துக்கடியில் சுழல். தேடியவர்களுக்குக் கிடைத்தது ஒற்றைச் சிவப்புப் பூட்ஸ் மட்டுமே. அதற்குப் பிறகு ரோஸ்வீதா அந்தப் பாலத்தில் கால் வைத்ததில்லை. தூரத்திலேயே நின்று கதையை முடித்துவிடுவாள்.

"வேற என்ன சொல்லுது?"

ஹெல்கா காதைப் பொத்திக் கேட்டாள். முகம் மாறியது.

"பூட்ஸ் ஒண்ணு தொலஞ்சுபோச்சாம். திட்டுவீங்களான்னு கேக்குதும்மா."

படித்துறையில் பயணிகள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். ஹெல்கா கடைசியாகத் தன் காதுக்கருவியைக் கழற்றி ரோஸ்வீதாவின் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். "நீங்களே கேளுங்க," என்றாள். ஊவே மனைவியின் தோளைப் பிடித்து உள்ளே கூட்டிப் போனார்.

ரோஸ்வீதா அதைக் காதில் மாட்டினாள். இரைச்சல். மழை பெய்வதுபோல் வெறும் இரைச்சல். மகளின் குரலை யார்யாரோ கேட்டுவிட்டார்கள். பெற்றவளுக்கு மட்டும் கிடைக்கவில்லை. சாஸேஜ் கடையைத் தாண்டினாள். பாலத்தின் வளைவு ஏறினாள். பத்தடி நடப்பதற்குள் பின்னாலிருந்த ஊர் காணாமல் போனது. தேவாலய மணியோசையும் நின்றது. கீழே தண்ணீர் தூண்களில் மோதிச் சுழலும் சத்தம் மட்டும்.

"திட்டமாட்டேன்டா," என்றாள் மைக்கில். "சத்தியமா திட்டமாட்டேன். எங்க இருக்க?"

இரைச்சல்.

"அம்மாகிட்ட ஒரே ஒரு தடவ பேசு செல்லம்."

அப்போது ஒரு சின்னக் கை அவள் கைக்குள் நுழைந்தது.

நனைந்த கை. பனிக்கட்டியாய் விறைத்த விரல்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் போய்விடுமோ என்று பயம். அந்தக் கையை இறுகப் பற்றினாள். இத்தனை மாதமாக வராத அழுகை வந்தது. வாய்விட்டு அழுதாள். விரல்களும் திருப்பி அழுத்தின.

"வந்துட்டியா," என்றாள். "வந்துட்டியாடா."

காதில் இரைச்சல் அடங்கியது. வெகு ஆழத்திலிருந்து, தண்ணீருக்குள்ளிருந்து, ஃபிரான்ஸியின் குரல். அவளேதான். ர வராத அதே மழலை.

"அம்மா, நான் கீழ இக்கேன்."

ரோஸ்வீதா தண்ணீர்ச் சத்தம் வந்த பக்கம் குனிந்து பார்த்தாள்.

"மேல உன் கையப் பிடிச்சிக்கிறது யாயும்மா?"

கையை உதறினாள். பிடி விடவில்லை. மறுபடி உதறினாள்.

விரல்கள் நீண்டன. மணிக்கட்டைச் சுற்றின. பிறகு அவசரமே இல்லாமல், பாலத்தின் கைப்பிடிச் சுவரின் பக்கமாக அவளை நடத்திக்கொண்டு போகத் தொடங்கின.