கருகிய சர்க்கரை

மின்தூக்கிக்குக் காத்திருக்கப் பொறுக்காமல், மூத்த மகளைத் தோளில் போட்டுக்கொண்டு மருத்துவமனைப் படிகளில் தாவி ஏறினாள் அம்மா. காலையில், அடுப்பே பற்றவைக்காத வீட்டில், சர்க்கரைப் பாகு கருகும் வாசனை. மோப்பம் பிடித்து அறை அறையாகப் போனவள், மகளின் தலையணைமேல் குனிந்ததும் அவளை வாரித் தூக்கினாள். சாப்பிடும் புரதமெல்லாம் ரத்தத்தில் விஷமாகும் அந்த அபூர்வ நோயின் வாசனை. சில வருஷங்களுக்கு முன், முதல் ஆளாக இவளுக்குப் புது மரபணு ஊசி போட்டதும் ஒழிந்துபோன வாசனை.

"இருக்கவே முடியாதும்மா," என்று திரையைத் தட்டினார் டாக்டர். "ஊசி போட்டதோட விட்டுட்டோமா? வருஷா வருஷம் வீட்டுக்கே ஆள் அனுப்பி ரத்தம் எடுக்கிறோம். எல்லா ரிசல்ட்டும் சுத்தத் தங்கம். போன மாசம்கூட."

அம்மா திரையிலிருந்து கண்ணை எடுத்துக்கொண்டாள்.

மேசையில் கிடத்திய மகளின் வயிற்றை அழுத்திய டாக்டரின் கை அப்படியே நின்றது.

"கல்லீரல் கல்லாட்டம் இருக்கே! மருந்து எப்பவோ வேலையை நிறுத்திட்டு கல்லீரலையே அரிக்க ஆரம்பிச்சிருக்கு. இது ஒரு நாள்ல நடக்காது. ரத்தத்துல எப்படித் தெரியாமப் போச்சு?"

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தைகளின் சிரிப்பு. ஓடும் கால்கள்.

"அங்க... யாரு டாக்டர்?"

"உங்க பொண்ணு ரிசல்ட்டை நம்பி, போன வாரம் அதே மருந்து போட்ட பிள்ளைங்க."

"அதைத் திரும்ப எடுத்துட முடியுமா?"

"பால்ல கரைஞ்சதை எடுக்கச் சொல்றீங்களே!"

கதவு திறந்தது. இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண்.

"அக்கா, நீங்கதானே! உங்க பொண்ணு தேறிட்டான்னு கேட்டுத்தான் நாங்க கையெழுத்தே போட்டோம்." அம்மாவின் கையை இழுத்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். அவள் முதுகுக்குப் பின்னால், வாசலை அடைத்துக்கொண்டு, பிள்ளைகள். எல்லாம் வாண்டுகள்.

சொல்லியாக வேண்டும். இப்போதே.

"ஊசின்னா இவ வீறிட்டு அழுவா டாக்டர். ரத்தம் எடுக்க வர்றவரும் பாவம், எத்தனை தடவைதான் வெறுங்கையோட போவாரு? நான்தான்... ஒரே வயித்துல பொறந்ததுங்கதானேன்னு..."

"என்னம்மா சொல்றீங்க?"

"வருஷா வருஷம்."

"என்ன வருஷா வருஷம்?"

"நீங்க பார்த்ததெல்லாம் சின்னவ ரத்தம். நோயே இல்லாதவ."

டாக்டர் வாசலைப் பார்த்தார்.

அந்தப் பெண்ணுக்கு எதுவும் புரியவில்லை. சிரித்தபடியே இடுப்புக் குழந்தையின் பிஞ்சுக் கையைப் பிடித்து நீட்டினாள்.

"ஆன்ட்டிக்கு முத்தம் குடு கண்ணு."