எலுமிச்சை மணக்கும் பாத்தி

"அத்தை, உள்ளேருந்து யாரு கதவைச் சுரண்டுறா?"

தம்பி மகள் அப்படிக் கேட்டபோது தையற்காரி தோட்டத்துக் கொட்டகையைப் பூட்டிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டிருந்தது. "எலிடி, வா," என்று குழந்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். ஒன்பது நாள் கழித்து இருவரும் திரும்பி வந்து திறந்தபோது ஒரு பூனையும், அதன் வற்றிய மடியைக் கவ்வியபடி கண் திறக்காத ஐந்து குட்டிகளும் செத்துக் கிடந்தன. தாயைக் குப்பை வண்டியில் போட்டாள். குட்டிகளைக் கொட்டகை ஓரம் புதைத்தாள். அன்றிலிருந்து குழந்தை அவள் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

"அங்க மறுபடி பூனை வந்தாத்தான் வருவாளாம்," என்றான் தம்பி போனில். "நீ வேணா மியாவ்னு கத்திப் பாரேன்க்கா."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. பிள்ளையில்லாத அவளுக்கு அந்தக் குழந்தைதான் எல்லாம். அதனால்தான் எலுமிச்சை வாசமடிக்கும் பூனைப்புதினா விதை வாங்கினாள். அந்த வாசத்துக்குப் பூனைகள் எங்கிருந்தாலும் வரும் என்றார் நாற்றுக்கடைக்காரர். ஒரு ராத்திரி ஃப்ரீசரில் வைத்து, ஒரு பகல் தண்ணீரில் ஊறவிட்டு, தூசி போன்ற விதைகளை ஈர ஊசிமுனையில் ஒட்டியெடுத்து மண்மேல் வைத்தாள். மூடவில்லை, வெளிச்சம் பட்டால்தான் அது முளைக்கும். கொட்டகை ஓரத்து மண்தான் பொலபொலவென்றிருந்தது. ஏன் அப்படி இருந்தது என்பதை அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

ஏழாவது வாரம் செடி முழங்கால் உயரம் வந்தது. கசங்கினால்தான் அந்த இலை நன்றாக மணக்கும். ஒருநாள் பிற்பகல் தையல் மிஷினின் கடகடப்புக்கு நடுவே, ஈரமண் வாடையோடு கலந்து எலுமிச்சை வாசம் ஜன்னல் வழியே அறையெல்லாம் நிறைந்தது. பூனை வந்துவிட்டதென்று ஆசையாக ஓடினாள். பூனை இல்லை. செடிகளுக்குள் ஐந்து பள்ளங்கள், ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு. தொட்டுப் பார்த்தாள். ஐஸ் போல இருந்தது.

மறுநாளும் ஐந்து. அதற்கு மறுநாள் சத்தமும் சேர்ந்தது. எதையோ தேடித் தேடிச் சப்பும் சத்தம்.

அன்று மாலை போன் வந்தது.

"அக்கா, நீ அனுப்பின செடி படத்தைப் பாத்துட்டா. பூனை வர்ற செடின்னதும் நாளைக்கே வரணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. பாத்திக்குள்ளதான் உக்காருவாளாம்."

ஜன்னலுக்கு வெளியே சத்தம் நின்றது. கேட்டுக்கொண்டிருப்பது போல.

"கூட்டிட்டு வராதே."

"நீதானேக்கா இத்தனை நாளா..."

"வேணாம்னா விடேன். இனிமே வரவே வேணாம்."

குழந்தை அழுவது கேட்டது. போனை வைத்தாள். பிறகு ஒரு கிண்ணத்தில் பால் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனாள்.

இருட்டத் தொடங்கியிருந்தது. கிண்ணத்தைப் பாத்தி ஓரம் வைத்தாள். பால் அசையவில்லை. செடிகள் அசைந்தன. அவள் பக்கமாக. ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்தன.

மண்டியிட்டாள். வலது கையை இலைகளுக்குள் நீட்டினாள்.

கட்டைவிரல் முதலில். பல்லில்லாத வாய். சில்லென்று. பிறகு அடுத்த விரல். அடுத்தது. ஐந்தும்.

விரல்கள் வெளுத்தன. மெலியத் தொடங்கின.

"குடிங்கடா," என்றாள்.

கையை எடுக்கவில்லை. இடக்கையால் முந்தானையை இழுத்து, குளிராமல் அவற்றின் மேல் போர்த்தினாள்.

ஐந்து இடங்களில் துணி மெல்ல ஏறி இறங்கியது.