இயந்திர விரலில் ஒரு குழாய்

"அமுக்காதீங்க!"

ரோபோவின் மின்சாரத்தைத் துண்டிக்கும் சிவப்புப் பொத்தானை நோக்கிப் பாய்ந்த வெரேனாவின் மணிக்கட்டை அவன் பிடித்துவிட்டான். யாரென்றே தெரியாத ஒருவன்... இவ்வளவு அருகில்... மழையில் நனைந்த தலை, பதறிப்போன சாம்பல் நிறக் கண்கள்.

"கையை விடுங்க! குழாய் நழுவுது, கண்ணு தெரியலையா?"

"கரன்ட் போனா கிரிப்பர் விரல் திறந்துக்கும். அப்புறம் குழாய் தரையிலதான்!"

வெரேனா அப்படியே நின்றாள். கண்ணாடிப் பெட்டிக்குள், ரோபோவின் இரண்டு உலோக விரல்களுக்கு நடுவே, சுண்டுவிரல் அளவுக் குழாய் சாய்ந்து தொங்கியது. ஆறு வயதுக் குழந்தையின் எலும்பு மஜ்ஜை. மறுபடி ஊசி குத்தி எடுக்க அந்த உடம்பு தாங்காது.

"ரோபோவை நிறுத்திட்டேன், அசையாது. பெட்டியைத் திறந்து அடியில கை வைங்க. மெதுவா தளர்த்தறேன்."

கணினியில் அவன் பிடியின் இறுக்கத்தைத் துளித்துளியாகக் குறைத்தான். அவள் பெட்டிக்குள் கை நீட்டி அடியில் ஏந்தினாள். குழாய் கையுறை அணிந்த அவள் உள்ளங்கையில் வந்து விழுந்தது... முழுசாக.

அவன் தீலோ. கிரிப்பர் எனும் இந்தப் பிடிக்கும் கையைச் செய்யும் கம்பெனியின் பொறியாளன். சளி பிடித்த நண்பனுக்குப் பதிலாக, இன்று ஒருநாள் மட்டும் ஜெர்மனியின் ட்யூபிங்கன் நகரத்து ஆய்வகத்துக்கு வந்தவன்.

"இது பழசைவிட மெலிசான குழாய். மாத்தினா சொல்ல மாட்டீங்களா?"

"மூணு வாரம் முன்னாடியே மெயில் போட்டேனே!"

"அப்படி எதுவும் வரலை."

"அப்ப நான் பொய் சொல்றேனா, இன்ஜினியர் சார்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மாலைக்குள் இதைப் பற்றி அவன் அறிக்கை போய்விடும். 'ஆய்வகத்தின் தவறு' என்று எழுதினால், மாதிரிகளைத் தொடும் வேலையே அவளிடமிருந்து பறிபோகும். சே... அந்தக் கண்களைப் போய் ஒரு நிமிடம் நம்பினேனே!

நான்கு மணிக்கு, கேன்டீனில் ஆறிப்போன காபியின் முன் அவள் உட்கார்ந்திருந்தபோது, அவன் வந்து நின்றான்.

"மெயில் வந்திருக்கு. எங்க பொதுப் பெட்டியில... திறந்து படிச்சது நான்தான். இதெல்லாம் ஒரு விஷயமான்னு விட்டு, மறந்தும் போயிட்டேன். அதை அப்படியே அறிக்கையில எழுதி அனுப்பிட்டேன்."

"உங்க மேனேஜர் என்ன சொன்னார்?"

"கத்தினார். இன்னும் கத்திட்டுதான் இருப்பார்."

தன் தவறைத் தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட மனிதனை அவள் இதுவரை பார்த்ததில்லை. நெஞ்சு ஏனோ படபடத்தது...

"இன்னொண்ணு இருக்கு. அறிக்கையில எழுத முடியாதது..." அவன் காதுமடல் சிவந்தது. "உங்க கையைப் பிடிச்சது குழாய்க்காகத்தான். ஆனா விட்டப்புறம்... ஏன் விட்டோம்னு இருக்கு. பைத்தியம்னு நினைச்சாலும் சரி. எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு."

ஜன்னலில் மழை வழிந்தது. அவள் எதிர் நாற்காலியைக் காலால் அவன் பக்கம் தள்ளிவிட்டாள்.

"'உங்களை'ன்னா யாரோ பெரிய மனுஷிகிட்ட சொல்ற மாதிரி இருக்கு," என்றாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "உட்காரு. 'உன்னை'ன்னு சொல்லிப் பாரு... என் பதிலைச் சொல்றேன்."