ஊசிக்கழியின் நிலையுயிர்கள்

நீர்மதியின் கம்பிகள் ஊசிக்கழி என்ற உப்பங்கழியின் சேற்றில் இறங்கிய அன்றைக்கே தேசம்மாவுக்கு அதன்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. ஆள் உயரத்தில் நாற்பது கம்பிகள். சத்தமில்லை, வெளிச்சமில்லை, கொக்குகூடப் பயமில்லாமல் அவற்றின் தலையில் போய் உட்கார்ந்தது. சத்தம் போடாமல் நிற்பவனைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும் என்பது தேசம்மாவின் கட்சி.

"கழியக் காப்பாத்தத்தான் நட்டிருக்காங்கன்றாங்க," என்றார் மன்னார். கரையிலிருந்த நாற்பத்திரண்டு வீட்டுக்கும் அவர் சொல்தான் சொல்.

"ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுதுச்சாம். நீ போய் அதுக்குத் துண்டு குடுண்ணே," என்றாள் தேசம்மா. பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி தண்ணீரில் உட்கார்ந்து இறால் தடவத் தொடங்கினாள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. முழங்காலைச் சேற்றில் ஊன்றி, இரண்டு கையாலும் துழாவி, அகப்பட்டதைப் பறிக்கூடையில் போட வேண்டும். ஊசிக்கழிக்காரர்களின் பிழைப்பு இதுதான்.

உலக ஈரநில மன்றம் நீர்மதி என்ற இயந்திர அறிவின் சொல்லைக் கேட்க ஆரம்பித்துப் பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. விஷயம் எளிது. தண்ணீரில் புழங்கும் எந்த உயிரும் தன்னைக் கொஞ்சம் தண்ணீரிலேயே விட்டுவிட்டுத்தான் போகும்: செதில், எச்சம், வியர்வை, உரிந்த தோல். நீர்மதி ஒரு வருஷம் அதையெல்லாம் விடாமல் ருசி பார்க்கும். யார் யாரைத் தின்கிறார், யாரால் யார் பிழைக்கிறார் என்று பிடித்துவிடும். பிறகு ஒவ்வோர் உயிராகத் தன் மனசுக்குள் எடுத்துப் போட்டுவிட்டுப் பார்க்கும். நண்டு இல்லாவிட்டால் இந்தக் கழி என்னாகும்? நாரை இல்லாவிட்டால்? எதை எடுத்தால் கழியே சரிகிறதோ அதற்குத் 'தாங்குயிர்' என்று பெயர். தாங்குயிர்ப் பட்டியலோடு அங்கீகாரம் கிடைத்துவிட்டால் எல்லா நாடுகளும் அதற்குக் கட்டுப்பட்டவை. துறைமுகம் வராது, இறால் பண்ணை வராது, விமானம்கூடச் சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பக்கத்து வடகழிக்காரர்களும் அப்படித்தான் வாயைப் பிளந்துகொண்டு கேட்டார்கள். அங்கீகாரம் வந்த மறுவாரம் அறுபது குடும்பத்தையும் லாரியில் ஏற்றி, கழியே கண்ணில் படாத மேட்டு நிலத்தில் இறக்கிவிட்டார்கள். கோடையில் செங்கல் சூளைக்குப் போகிறீர்கள், மழைக்குத் திரும்பி வருகிறீர்கள், வந்து போகிறவர்கள் எப்படிக் குடிகள் ஆவீர்கள் என்று ஓர் அதிகாரி கேட்டாராம். சூளைக்குப் போகாமல் கோடையில் எதைத் தின்பது என்று அவரை யாரும் திருப்பிக் கேட்கவில்லை.

ஊசிக்கழிக்காரர்களும் கோடையில் சூளைக்குப் போகிறவர்கள்தான்.

அதனால், மன்றத்தின் ஆய்வாளர் ஹேமலதா கையடக்கக் கருவியோடு வந்து நின்று, "கோடைல நீங்கல்லாம் எங்கம்மா போவீங்க? உள்ளத உள்ளபடி சொல்லுங்க, அதுதான் உங்களுக்கு நல்லது," என்று கேட்டபோது தேசம்மா உஷாரானாள். கேட்கிற கேள்வியைப் பார். அதுவும் எத்தனை இனிப்பாக.

"நாங்க எங்கியும் போறதில்ல மேடம். பொறந்ததுலேந்து இங்கியேதான்."

"வடகழியில நடந்தது தப்புதாம்மா. அதுக்கப்பறம் விதிய மாத்தியாச்சு. வந்து போறவங்களுக்கும் இப்ப உரிமை இருக்கு."

"சரிங்க மேடம். ஆனா நாங்க எங்கியும் போறதில்ல."

ஹேமலதாவின் கார் கண் மறைந்ததும் ஊர் கூடியது. தேசம்மாதான் பேசினாள். வாயால் சொன்னது போதாது, கம்பி ருசி பார்க்கிறது, இந்த வருஷம் ஒரு குஞ்சுகூடக் கரையை விட்டு நகரக் கூடாது என்றாள். சூளைக்கு ஆள் ஏற்ற வந்த லாரியைத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கோடை இருக்கிறதே, அதை எதிரிக்கும் காட்டக் கூடாது. தண்ணீர் சுண்டி, கழி பாளம் பாளமாய் வெடித்தது. மிச்சமிருந்த ஈரத்தில் இருநூற்றாறு பேரும் முழங்கால் போட்டுத் துழாவினார்கள். ஒரு பிடி இறாலுக்கு ஒரு நாள் போனது. குழந்தைகளுக்குக் கோரைக்கிழங்கு அவித்துக் கொடுத்தார்கள். தேசம்மாவின் மகள் அமுலு வாயைத் திறந்து ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வருஷம் முடிந்து முடிவு வந்தது. ஊசிக்கழிக்கு அங்கீகாரம் கிடைத்துவிட்டது. தாங்குயிர்ப் பட்டியலில் முதலில் அலையாத்தி மரம், இரண்டாவது சேற்று நண்டு. மூன்றாவதாக, 'கையால் இறால் தடவும் மனிதர்.'

கோடையில் அவர்களுடைய முழங்கால் குழிகளில்தான் கடைசித் தண்ணீர் தங்குகிறது, அந்தக் குழிகளில்தான் இறால் குஞ்சு பிழைத்துக் கிடக்கிறது, அதை நம்பித்தான் பூநாரை வருகிறது என்று நீர்மதி கண்டுபிடித்திருந்தது. மன்னார் அழுதே விட்டார். "நாரைக்கும் மேல நம்ம பேரு," என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னார். பறவைக்கு மாட்டுவதுபோல ஆளுக்கொரு கால்வளையம் மாட்டினார்கள். கழற்ற முடியாத வளையம். தேசம்மா மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதில் ஒரே ஒரு வார்த்தை பொறித்திருந்தது: நிலையுயிர்.

அதற்கு அர்த்தம் ஆவணியில் தெரிந்தது. விசாகப்பட்டினத்தில் கடலடிக் கேபிள் பழுது பார்க்கும் பயிற்சிக்கு அமுலுவை எடுத்திருந்தார்கள். நான்கு நிமிஷம் மூச்சடக்குகிற பெண் அவர்களுக்கு வேறெங்கே கிடைப்பாள்? ஒரு வாரத்தில் போய்ச் சேர வேண்டும். அவள் பையோடு எல்லைக்குப் போனபோது எல்லை வேலியைக் காக்கும் கருவியான வேலிக்கண், வளையத்தைப் பார்த்ததும் வாயிலை மூடிக்கொண்டது. எவ்வளவு தட்டியும் திறக்கவில்லை.

தேசம்மா நேராக ஹேமலதாவிடம் போனாள்.

"தாங்குயிர்ல ரெண்டு வகைம்மா," என்றாள் ஹேமலதா. "கழியிலேயே இருக்கறது நிலையுயிர். வந்து போறது வலசை உயிர். நிலையுயிர் வெளிய போனா கழிக்குச் சேதம்னு அர்த்தம். வேலிக்கண் விடாது."

"நாரை மட்டும் பறந்து போவுதே."

"அது வலசை. அதுக்கு எந்த நாட்டு எல்லையும் கிடையாது. எங்க வேணா போலாம், எப்ப வேணா திரும்பி வரலாம், இடம் அப்படியே இருக்கும். யாரும் தடுக்கக் கூடாது. மனுஷங்களுக்கும் அதே உரிமைதான்." என்றாள். "அதத்தாம்மா அன்னைக்கு உங்ககிட்ட சொல்ல வந்தேன். கோடைல போவீங்களான்னு கேட்டேனே."

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு தவளை ஊரையே சேர்த்துக் கெடுத்திருக்கிறது.

"பொய் சொன்னோம் மேடம். வருஷா வருஷம் சூளைக்குத்தான் போவோம். நாந்தான் போக வேணாம்னு சொன்னது. எழுதிக்கங்க."

"எழுதினா கழிய மறுபடி சோதிக்கணும். அதுவரைக்கும் அங்கீகாரத்த நிறுத்தி வெச்சிடுவாங்க. துறைமுகக்காரங்க அந்த நாளுக்குத்தான் காத்திருக்காங்க. அதோட, சோதனை நடக்கறப்ப நீங்க வலசை போய்க் காட்டணும். வேலிக்கண் விட்டாத்தானே போவீங்க?"

ஊர் திரும்பித் தேசம்மா எல்லாவற்றையும் சொன்னாள். யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. மன்னார் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு, "இருநூத்தாறுல ஒண்ணு கொறஞ்சாலும் கழி போயிடும். ஒருத்தருக்கொருத்தர் பாத்துக்குங்க," என்றார். அன்றிலிருந்து ஊர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ள ஆரம்பித்தது. தண்ணீரில் உட்கார்ந்தவர்கள் பக்கத்துக் காலை எண்ணினார்கள். யாராவது பை தைத்தால் எதற்கு என்று கேட்டார்கள்.

தேசம்மா பொறுத்துப் பார்த்தாள். அவளால் முடியவில்லை. கழி பெரிதா, மகள் பெரிதா என்று மனசு கேட்டபோது, மகள்தான் என்று சொல்ல அவளுக்கு வெட்கமாகக்கூட இல்லை. இறால் எடுக்க வரும் ஐஸ் லாரிக்குள் ஈயத்தாள் ஒட்டியிருந்தது. அதற்குள் வளையத்தின் சமிக்ஞை எடுக்காது. பட்டப்பகலில், ஊரே தண்ணீரில் இருந்த நேரத்தில், டிரைவரின் கையைக் காலைப் பிடித்து அமுலுவைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார வைத்தாள்.

"யார்கிட்டயும் மூச்சு வுடாத. யாரையும் நம்பாத," என்று மகளின் கன்னத்தைத் தடவினாள்.

மூன்று மணிக்கு மீட்பூர்தி வந்து கரையில் இறங்கியது. அமுலுவைத் தோல் காய்ந்துவிடாமல் ஈரத்துணியில் சுற்றி, குளுகோஸ் தண்ணீர் கொடுத்து, வலையில் சிக்கிய ஆமையை மீட்கிற அதே பக்குவத்தோடு இறக்கிவிட்டார்கள். ஊரிலிருந்த எல்லா போனும் ஒன்றாக ஒலித்தது: 'வழிதவறிய நிலையுயிர் ஒன்று, கரைவாசி ஒருவர் தந்த தகவலால் பத்திரமாக மீட்கப்பட்டது. நன்றி.'

தேசம்மா சுற்றிலும் பார்த்தாள். மன்னார் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்வீட்டுக்காரி பறியைக் கழுவிக்கொண்டிருந்தாள். தகவல் சொன்னது டிரைவராகவும் இருக்கலாம். எல்லா முகமும் ஒரே மாதிரி இருந்தது. எந்த முகத்தை அறைவது என்று தெரியவில்லை. பிறகுதான் அமுலு யாரைப் பார்க்கிறாள் என்று கவனித்தாள்.

"லாரியில போனது உனக்குத்தானம்மா தெரியும்," என்றாள் அமுலு. கோபமே இல்லாத குரல்.

"நான் சொல்லலடி. உன் மேல ஆணையா நான் சொல்லல."

அது உண்மை. அமுலு நம்பியவள்போலத் தலையை ஆட்டினாள். ஈரத்துணியை உதறிக் கொடியில் போட்டுவிட்டு வீட்டுக்குள் போனாள். அவள் தன் பையை, அம்மா கண்ணில் படாத இடமாகத் தேடித் தேடி ஒளித்து வைப்பது ஓலைச் சந்து வழியாகத் தேசம்மாவுக்குத் தெரிந்தது.