டொக்டரின் தங்கை சுமந்த பழி

"நீங்க என்ர தலையில பாலறுகு வைக்க வேண்டாம் அம்மா... இப்பவே சொல்லிப்போட்டன்!"

ஞாயிற்றுக்கிழமை காலையில், சமையலறையில் நின்று தேங்காய் துருவிக்கொண்டிருக்கும் தாயிடம் பெற்ற பிள்ளை சொல்லுகிற சொல்லா இது? கலியாணத்தன்று மாப்பிள்ளையின் உச்சியில் பாலும் அறுகம்புல்லும் வைத்துத் தண்ணீர் வார்ப்பதைத் தாய் எவ்வளவு காலம் நினைத்துப் பார்த்திருப்பாள்! நிரஞ்சலாவின் கை நின்றது. பிறகு மறுபடியும் துருவத் தொடங்கியது.

"ஏன் மகன்?"

"ஏனெண்டு உங்களுக்குத் தெரியும். என்னைத் தூக்கி வளத்தது கிளி மாமி. அவவை இந்த வீட்டை விட்டுக் கலைச்சது நீங்க. அவ இல்லாத கலியாணத்தில நீங்க முன்னுக்கு நிண்டு வாழ்த்துறது எனக்குப் பிடிக்கல்ல."

சாப்பாட்டு மேசையில் இருந்த தகப்பன் பேரின்பநாயகம் தலை நிமிரவில்லை. வாயில் கொழுக்கட்டையை வைத்துக்கொண்டவர் மாதிரி, கைபேசியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அந்த ஒரு வார்த்தைதான் இந்த மனுசனிடமிருந்து இவ்வளவு காலமும் வரவில்லை.

ஏனென்றால் அவருடைய தங்கை கிளியை யாரும் கலைக்கவில்லை. ஊருக்குச் சொன்னபடி அவள் லண்டனுக்குப் போகவும் இல்லை. புலம்பெயர்ந்து வந்து அவர்கள் குடியிருக்கும் டொலார்ட்-டெஸ்-ஓர்மோ வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில், கோட்-டெ-நெய்ஜ் பகுதியில், ஒற்றை அறை வீடொன்றில் இருந்தாள்.

மகன் சஞ்சீவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்தில் அவளுக்கு மனம் குழம்பியது. மட்டக்களப்பில் காணாமல் போன தன் புருசனோடு, கொட்டும் பனியில் வெறுங்காலோடு தெருவில் நின்று கதைத்தாள். பேரின்பநாயகம் நடுங்கிப் போனார். "விசர் எண்டு வெளியில தெரிஞ்சா நாளைக்கு இவனுக்கு ஆர் பொண்ணு குடுப்பான்?" என்று மனைவியின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். "உனக்கும் அவளுக்கும் ஒத்துவரல்ல எண்டு சொல்லுவம் நிரஞ்சலா... மச்சாள்மார் சண்டை உலகத்தில நடக்காததா? சனம் ரெண்டு நாள் கதைச்சிட்டு மறந்திடும்."

சனம் எங்கே மறந்தது! கோயிலில் நிரஞ்சலா அர்ச்சனைத் தட்டோடு நிற்கும்போது முதுகுக்குப் பின்னால் கதை நடக்கும். "ஆதரவில்லாத பொம்பிளையைத் துரத்தினவ, இப்ப சாமி கும்பிட வந்து நிக்கிறா!" அவள் காதில் விழாததுபோல் விபூதி பூசிக்கொள்வாள். வயதான வெள்ளைக்கார மதாம் ஒருத்திக்குத் துணை வேலை என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸும் மெட்ரோவும் மாறிப் போய், கிளிக்குச் சோறு கொடுத்து, மருந்து கொடுத்து, தலை இழுத்து வாரிவிட்டு வருவாள். மருந்தை ஒழுங்காக எடுத்தால் வீட்டிலேயே வைத்திருக்கலாம் என்று டொக்டர் சொல்லி எத்தனையோ காலமாகிவிட்டது. கேட்கும்போதெல்லாம் பேரின்பநாயகத்தின் பதில் ஒன்றுதான். "இவன்ர கலியாணம் முடியட்டும்."

அந்தக் கலியாணம்தான் இப்போது வந்திருந்தது. பெண் மொய்றா, ஐரிஷ் வழியில் வந்தவள். முதலில் முகத்தைச் சுளித்த பேரின்பநாயகம், அவளுடைய பூட்டன், பாட்டியின் தகப்பன், ஒரு டொக்டர் என்று கேட்டதும் குளிர்ந்து போனார். "டொக்டர் பரம்பரை!" என்று கோயில் முழுக்கச் சொல்லித் திரிந்தார். என்ன டொக்டர் என்று கேட்கத்தான் மறந்துவிட்டார்.

அன்று மத்தியானம் மொய்றா சாப்பிட வந்தாள். நண்டுக் குழம்பின் உறைப்புக்கு மூக்கை உறிஞ்சிக்கொண்டே, இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கினாள். பேரின்பநாயகம் மலர்ந்த முகத்தோடு ஆங்கிலத்தில் கேட்டார். "உம்முடைய பூட்டன் எந்த ஆஸ்பத்திரியில் டொக்டராக இருந்தவர்?"

"மனநோயாளர் விடுதியில்" என்றாள் அவள்.

அவருடைய கை சோற்றிலேயே நின்றது.

மொய்றா சொன்னதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான். டொக்டர் கின்செல்லா அயர்லாந்திலிருந்து கப்பலேறி வந்தவர். ஆற்றங்கரையில் ஒரு சின்ன ஊரில் மனநோயாளர் விடுதிக்குப் பொறுப்பாக இருந்தார். ஊரார் வீட்டு நோயை எல்லாம் பார்த்த மனுசனுக்குத் தன் வீட்டு நோயைத் தாங்க முடியவில்லை. கடைசிப் பிள்ளை பிறந்த பிறகு மனைவி நோறாவுக்கு மனம் குழம்பியபோது, வேறு பெயரில் அவளைத் தன் விடுதியிலேயே சேர்த்துவிட்டார். டொக்டரின் மனைவிக்கே பைத்தியம் என்றால் பெண்பிள்ளைகளை யார் கட்டுவார்கள்? அம்மா எங்கே என்று பிள்ளைகள் கேட்டார்கள். வீட்டோடு இருந்த தன் தங்கை பிறிஜிட்டின் ஏச்சுப் பேச்சைப் பொறுக்காமல் அம்மா அயர்லாந்துக்கே திரும்பிப் போய்விட்டாள் என்று சொன்னார்.

"தங்கச்சி ஒண்டும் சொல்லல்லையா?" பேரின்பநாயகம் தன்னை மறந்து தமிழில் கேட்டார். சஞ்சீவன் மொழிபெயர்த்தான்.

இல்லை, அவள் ஒன்றும் சொல்லவில்லை. பிள்ளைகளை வளர்த்தாள். கிழமைக்குக் கிழமை ரொட்டி சுட்டுக்கொண்டு போய் நோறாவைப் பார்த்தாள். பிள்ளைகள் அவளை வெறுத்தார்கள். மொய்றாவின் பாட்டி தன் கலியாணத்துக்குப் பிறிஜிட் வரக்கூடாது என்று சொல்லிவிட்டாள். அன்று தேவாலயத்துக்கு எதிர்ப்பக்கம், மழையில் நின்று பார்த்துவிட்டுப் போனாளாம் அந்த மனுசி. பிறிஜிட் செத்த பிறகுதான் விடுதித் தாதி ஒருத்தி வந்து, நோறா அங்கே இருந்ததையும் பிறிஜிட் வந்துபோனதையும் சொன்னாள்.

"என் பாட்டி சாகும்வரை அழுதாள். மன்னிப்புக் கேட்க ஆள் இருக்கவில்லை. உங்களிடம் மறைக்கக்கூடாது என்றுதான் சொல்கிறேன்" என்று மொய்றா முடித்தாள்.

பேரின்பநாயகம் எழும்பினார். கை கழுவக்கூட இல்லை.

"மகன்... கிளி மாமி லண்டனில இல்லடா." அவருடைய குரல் உடைந்தது. "இஞ்சதான் இருக்கிறாள்... கோட்-டெ-நெய்ஜில! அவளுக்குச் சுகமில்லாமப் போச்சு... நான்தான் ஒளிச்சு வெச்சன். உங்கட அம்மா கலைக்கல்லடா... அவள்தான் இண்டுவரைக்கும் சோறு குடுக்கிறாள். துணை வேலை, துணை வேலை எண்டு போறது அங்கதான்!"

சஞ்சீவன் தாயைப் பார்த்தான்.

"அம்மா... ஏன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லல்ல?"

"உங்கட அப்பாவுக்குச் சொல்லுக் குடுத்திட்டன்." நிரஞ்சலா அழவில்லை. அழுகிற வயசெல்லாம் போயிருந்தது. "ஆனா நீ கேட்டிருக்கலாமே மகன்... ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டாய். ஒருநாளாவது 'அம்மா, இது உண்மையா' எண்டு என்னட்டக் கேட்டிருக்கலாமே!"

அவன் முழங்காலில் விழுந்து அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். "என்னை மன்னிச்சிடு நிரஞ்சலா" என்று பேரின்பநாயகம் தழுதழுத்தார்.

"என்னட்டக் கேளாதீங்க. கேக்க வேண்டிய ஆள் அங்க இருக்கிறாள். எழும்புங்க, போவம்."

நாலு பேரும் காரில் போனார்கள். நிரஞ்சலா தன்னிடமிருந்த திறப்பால் கதவைத் திறந்தாள். ஜன்னலோரம் இருந்த கிளி திரும்பினாள். உயரமான ஒரு பொடியன், ஒரு வெள்ளைக்காரப் பெட்டை... கண்டதும் பதறி எழும்பி, குளியலறைக்குள் ஓடிக் கதவைப் பூட்டிக்கொண்டாள்.

"மச்சாள்... சம்பந்தம் பேச வந்த ஆக்களா?" உள்ளே இருந்து மெல்லிய குரல் வந்தது. "நான் சத்தம் போட மாட்டன்... இப்பிடி ஒருத்தி இல்லையெண்டு சொல்லிடுங்க! சஞ்சீவன்ட கலியாணம் குழம்பிப் போயிரும்..."

சஞ்சீவன் அந்தக் கதவில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினான். "மாமி... நான்தான் சஞ்சீவன் மாமி. கதவைத் திறங்க..."

"கிளி, திற. உன்னைக் கூட்டிப்போக வந்திருக்கிறம். நீயும் நானும் சேந்துதான் இவன்ர தலையில பாலறுகு வைக்கப் போறம்" என்றாள் நிரஞ்சலா.

கனநேரம் கழித்துக் கதவு திறந்தது. கிளி வெளியே வந்தாள். மருமகனின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாசலில், உள்ளே காலெடுத்து வைக்கத் துணிவில்லாமல் நின்ற மனிதரைக் கண்டாள். இந்த வீட்டில் அவளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போன நாளுக்குப் பிறகு அவர் அந்தப் படியை மிதித்ததே இல்லை.

"அண்ணன்..." கிட்டப் போய் உற்றுப் பார்த்தாள். "தலையெல்லாம் நரைச்சுப் போச்சே அண்ணன்... ஏன், சஞ்சீவன்ட கலியாணம் முடிஞ்சிட்டுதா?"

"இல்லம்மா... இன்னும் முடியல்ல."

"பிறகேன் வந்தீங்க?"

பேரின்பநாயகம் சுவரைப் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு அழுதார். நிரஞ்சலா கிளியை இழுத்துத் தன்னோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அன்று முழுக்க வராத அழுகை அவளுக்கு அப்போதுதான் வந்தது.