மாடி வீட்டு ஐந்து நட்சத்திரம்

தடால்!

வாசலில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். தொடர்ந்து 'புஸ்ஸ்ஸ்...' என்று ஏதோ சீறியது.

படுக்கையறையில் டேப்பும் கையுமாகச் சுவரை அளந்துகொண்டிருந்த மூத்த மருமகள் வெளியே ஓடினாள்.

மாடி ஜன்னலுக்குக் கீழே மாட்டியிருந்த ஏசியின் வெளி யூனிட், வெயிலுக்குக் கட்டிய துணிப் பந்தலைக் கிழித்துக்கொண்டு வாசலில் விழுந்து கிடந்தது.

ஓரகத்தியின் ஏசி!

ஒரே ஒரு நொடி அவளுக்கு நெஞ்சு இனித்தது.

அடுத்த நொடிதான் யூனிட்டுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களைப் பார்த்தாள்.

கொழுந்தன்.

பிரம்பு நாற்காலி சப்பையாகியிருந்தது. தலையில் ரத்தம்... தோள்பட்டை ஒரு பக்கமாகத் தொங்கியது. மூச்சு மட்டும் இருந்தது.

மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்த இளையவள் கணவனைப் பார்த்தாள். வீறிட்டாள். அப்படியே படியில் சரிந்தாள்.

பக்கத்துத் தெருவில் கடை வைத்திருந்த மூத்தவளின் கணவர் ஓடிவந்து, தம்பியோடு ஆம்புலன்ஸில் ஏறிக்கொண்டார். போலீஸ் ஜீப் அதற்குப் பின்னாலேயே வந்து நின்றது.

இறங்கிய இன்ஸ்பெக்டரம்மா அண்ணாந்து பார்த்தார். சுவரில் இரும்புத் தாங்கி அசையாமல் இருந்தது. அதில் நான்கு ஓட்டைகள்.

"நட்டு நாலையும் ஸ்பேனர் போட்டுக் கழட்டித் தள்ளியிருக்காங்க" என்றார் நிதானமாக. "இது விபத்து இல்ல."

படியில் கிடந்த இளையவள் தலையைத் தூக்கினாள்.

"அக்காதான் மேடம்... அக்காவுக்கு என் ஏசி மேல அப்படி ஒரு வயித்தெரிச்சல்!"

மூத்தவளால் அதை மறுக்க முடியவில்லை.

வயிற்றெரிச்சல்தான். போன கோடையில் ஓரகத்தியை அசத்த வேண்டும் என்பதற்காகவே கடையில் இருந்ததிலேயே பெரிய ஏசியாகப் பார்த்து வாங்கினாள். சின்ன அறைக்கு இரண்டு டன். பழைய மாடல், தள்ளுபடி. 'தடக்'கென்று ஓடும், 'தடக்'கென்று நிற்கும். அறை ஐஸ் பெட்டி ஆகும், பிறகு புழுங்கும். கரண்ட் பில்லோ ஒவ்வொரு தடவையும் எகிறியது.

இளையவள் அவசரப்படவில்லை. அறையை அளந்தாள். மேற்கு ஜன்னலுக்குக் கனமான திரை போட்டாள். ஒரு டன்னில் ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசி வாங்கினாள். ஓடுவதே தெரியாது. பில்லும் ஏறவில்லை.

அன்றிலிருந்து கீழ் வீட்டில் சாப்பாட்டுக்கு ஊறுகாய் மாதிரி ஒரே பேச்சுதான். 'அவளைப் பார்த்துக் கத்துக்கோ' என்பார் கணவர். ஒரு நாள் பொறுக்க மாட்டாமல், "அந்த ஏசி விழுந்து தொலைய மாட்டேங்குதே" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருந்தாள்.

இன்ஸ்பெக்டரம்மாவிடம் இதையெல்லாம் இளையவள் ஒப்பித்தாள்.

"அவர் எப்படி உங்க வாசல்ல?" இன்ஸ்பெக்டரம்மா மூத்தவளைக் கேட்டார்.

மூத்தவள் சொன்னாள். புது ஏசி வாங்கலாம் என்று கொழுந்தனிடம் யோசனை கேட்டிருந்தாள். ஆபீசில் அரை நாள் லீவு போட்டு வந்தவன், அறையின் அளவு தெரியாமல் டன் பேசக் கூடாது, முதலில் நீள அகலத்தைப் பாருங்கள் என்று டேப்பைக் கொடுத்தான். அவள் உள்ளே போனாள். அவளுடைய நாற்காலியில் அவன் உட்கார்ந்தான். உள்ளேயிருந்தே அவள் அளவைக் கத்திச் சொன்னாள். அவ்வளவுதான்.

"நீ எங்கம்மா இருந்தே?" இன்ஸ்பெக்டரம்மா இளையவள் பக்கம் திரும்பினார்.

"ஏசியைப் போட்டுட்டுத் தூங்கிட்டு இருந்தேன் மேடம். திடீர்னு சத்தம்... அப்படியே எழுந்து ஓடி வந்தேன்."

மூத்தவள் மெதுவாக அண்ணாந்து பார்த்தாள்.

மாடி ஜன்னலின் இரண்டு கதவுகளும் விரியத் திறந்து கிடந்தன.

அவள் ஜன்னலைச் சுட்டிக் காட்டினாள்.

"மேடம்... இவ ரூம் கதவு ஒரு விரக்கடை திறந்திருந்தாலே குளிர் போகுது, கரண்ட் போகுதுன்னு வீட்டையே ரெண்டாக்குவா. ஏசியைப் போட்டுட்டு ஜன்னலையா திறந்து வெப்பா?"

இன்ஸ்பெக்டரம்மா மாடிக்கு ஏறினார்.

ஏசி ஓடியதாகச் சொன்ன அறை அடுப்பாகக் கொதித்தது. ஜன்னல் விளிம்பில் நான்கு நட்டுகள். கட்டிலுக்கு அடியில் ஸ்பேனர்.

கீழே வந்து அவற்றை நீட்டியதும் இளையவள் உடைந்து போனாள்.

"அவர் வந்ததே எனக்குத் தெரியாது மேடம்... பந்தல் மறைச்சிடுச்சு. அக்கா குரல் கேட்டுச்சு. அக்கா தினமும் உட்கார்ற நாற்காலி அது..."

மூத்தவள் சப்பையாகிக் கிடந்த தன் நாற்காலியைப் பார்த்தாள். ஏசி விழுந்தது தன் தலைக்காகவா?

"என்னையா? நான் உனக்கு என்னடி பண்ணேன்?"

"நீங்க ஒண்ணும் பண்ணல!" இளையவள் சீறினாள். "அவர்தான்! கல்யாணம் ஆன நாள்லேருந்து அண்ணி மாதிரி சிரி, அண்ணி மாதிரி பேசு... ஏசி வாங்கினேன், பில்லைக் குறைச்சேன். அதுக்கும் என்ன சொன்னார் தெரியுமா? அண்ணியா இருந்தா இப்படிக் கணக்குப் பார்க்க மாட்டாங்கன்னார்."

மூத்தவள் அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

இவள் மாடியைப் பார்த்து எரிந்த நாளெல்லாம், மாடியும் இவளைப் பார்த்து எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கொழுந்தன் கண் விழித்தான். தோளில் மாவுக்கட்டு. பக்கத்து ஸ்டூலில் அண்ணன். வாக்குமூலம் வாங்க வந்த இன்ஸ்பெக்டரம்மா நடந்ததைச் சொல்லி முடித்தார். அண்ணனும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் தலை குனிந்தார்கள்.

மூத்தவள் ஜன்னலோரம் நின்றிருந்தாள். அந்த ஒரு நொடி இனித்தது அவளுக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"இனிமே எந்த ஏசி வாங்கறதுன்னே புரியல மேடம்" என்று அண்ணன் சும்மா எதையோ சொல்லி வைத்தார்.

இன்ஸ்பெக்டரம்மா தொப்பியை மாட்டிக்கொண்டு எழுந்தார்.

"முதல்ல அவங்கவங்க பொண்டாட்டியை அவங்கவங்க புகழுங்க சார். வீட்டுச் சூடு பாதி குறைஞ்சிடும்... அப்புறம் ஒரு டன்னே தாராளம்!"