டிஸ்கில் இடம் இல்லை

நேற்று இருநூறு ஜிபி காலியாக இருந்த டிஸ்க், இன்று அஸர் தொழுதுவிட்டு வந்து இப்திஸாம் கணினியைத் திறந்தபோது நிரம்பிக் கிடந்தது. யாரும் எதையும் ஏற்றவில்லை.

இர்பித் நகரத்தில் பெண்கள் பக்கத்துக் கல்யாண வீடியோவை அவளை நம்பித்தான் கொடுப்பார்கள். முக்காடில்லாமல் ஆடுகிற பெண்களின் படம் கண்ட கையில் தங்கலாமா? எடிட் செய்து கொடுத்ததும், மணப்பெண்ணின் தாய் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க, அசலை அழித்துவிட்டு அல்லாஹ் மேல் சத்தியம் செய்ய வேண்டும். அவளும் தம்பி மனைவி லுப்னாவும் பதினோரு வருடமாக அப்படித்தான் செய்கிறார்கள். ஒரு படம் வெளியே போனாலும் ஒரு வீட்டின் மானம் போகும். இவள் தலை நிமிர்ந்து தெருவில் நடக்க முடியாது.

விர்ச்சுவல் மெமரி வீங்கியிருக்கும் என்று நினைத்தாள். நினைவகம் போதாமல் போனால் கணினி டிஸ்கில் கொஞ்சம் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். அதற்கு ஒரு எல்லை கட்டினால் அடங்கிவிடும். பதினாறு ஜிபி என்று கட்டி, மறுபடி இயக்கினாள். வெளியே மழை ஜன்னலைத் தட்டிக்கொண்டிருக்க, மண்ணெண்ணெய் அடுப்பின் வாடை அறையெங்கும் கனத்திருக்க, கணினியின் விசிறி ஓடி வந்தவர் மூச்சு வாங்குவதுபோல் ஏறி ஏறி இறங்கியது. காலி இடம் நூற்றைம்பது என்று காட்டியது. பிறகு நூற்றிருபது. பிறகு தொண்ணூறு. அவள் எதையும் தொடவில்லை.

மறைத்து வைத்தவற்றைக் காட்டும்படி மாற்றினாள். ஒரே ஒரு ஃபோல்டர், லுப்னாவின் பெயரில். உள்ளே ஒரே ஒரு வீடியோ: மைசூன். லுப்னாவின் தங்கை. நாலு வருடத்துக்கு முன் கல்யாணமாகி, நாற்பதாம் நாள் மவுத்தாகி அடக்கமானவள்.

லுப்னாவுக்குப் போன் போட்டாள்.

"மைசூன் கல்யாணத்த நீ அழிக்கலையாடி?"

"அவ முகம் வேற எங்க மதினி இருக்கு எங்கிட்ட?"

"உங்கம்மா முன்னாடி சத்தியம் பண்ணினியே! என்னையும் சேர்த்துல்ல பொய்ச்சத்தியம் பண்ண வச்சுட்ட!"

"அழிச்சிருங்க மதினி," என்றாள் லுப்னா, அழாமல். "உங்க கையாலயே அழிங்க. நான் இந்தா வர்றேன்."

உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்கிறவள் இப்படித்தான் நிதானமாகப் பேசுவாளோ? கூடப் பிறந்தவளாக நினைத்தாளே. இப்திஸாமுக்குக் கண்ணீர் முட்டியது. அதைவிட ஆத்திரம்.

அழிக்குமுன் ஒருமுறை திறந்து பார்த்தாள். கல்யாணம் நடந்தது நாலு மணி நேரம். வீடியோவின் நீளமோ நாலு வருடம் என்று காட்டியது. கடைசிக்குத் தள்ளினாள். மண்டபத்தில் விளக்கில்லை. நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். நடுவில் மணக்கோலத்தில் மைசூன், பாட்டே இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தாள். நொடிகள் கூடிக்கொண்டே போயின. அவள் இன்னும் ஆடுகிறாள். இப்போதும்.

அழித்தாள்.

விசிறி அடங்கியது. இருநூறு ஜிபி திரும்பி வந்தது. அப்பாடா என்று சாய்ந்தாள்.

மகனைக் கூப்பிட்டுப் பேசலாம் என்று தோன்றியது. மகன் பேர் என்ன? இருக்கிறது, நாக்கு நுனியில். இல்லை. கணவரின் முகம்? அதுவும் இல்லை. அந்த இடத்தில் மண்டபம் இருந்தது. இருட்டு. அடுக்கிய நாற்காலிகள்.

கதவு திறந்தது. நனைந்த முக்காட்டோடு லுப்னா நின்றாள். இவள் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள். முகம் மலர்ந்தது.

"வந்துட்டியா?" என்றாள். "டிஸ்க்ல எத்தன நாள்தான் இருப்ப. பாவம்."

"லுப்னா, நான்..."

நான் யார்?

தேடினாள். பேர் இல்லை. கைகள் இரண்டும் தாமாக உயர்ந்தன. கால் தரையைத் தட்டியது. ஒரு தரம். இன்னொரு தரம்.

லுப்னா கதவைத் தாழிட்டாள். முக்காட்டைக் கழற்றிப் போட்டாள். வாயருகே கை வைத்து, தங்கைக்காகக் குலவையிட்டாள்.